புதனில் மரணம், வியாழனில் மறுபிறவி
சின்னத்திரை நாயகர்கள் – 14

1966 ஜனவரி 12, புதன்கிழமை இரவு ஏழரை மணிக்கு அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘பேட்மேன்’ தொடங்கிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். காதம் நகரத்தைக் காக்கும் முகமூடிக் கோடீஸ்வரராக ஆடம் வெஸ்ட், அவர் வளர்க்கும் பிள்ளை ராபினாக பர்ட் வார்டு, கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், அடிதடிக்கு நடுவே திரை முழுக்கப் பாயும் கொட்டை எழுத்துகள். இவ்வளவுக்கும் மேலே, அந்தத் தொடரை ஊர்ப்பேச்சாக்கிய நிமிடம் ஒன்று உண்டு. அது புதன்கிழமைதோறும் எட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்பு வரும். பேட்மேனும் ராபினும் கை கால் கட்டப்பட்டு ஏதோ ஒரு ராட்சத இயந்திரத்தின் வாயில் கிடப்பார்கள். வில்லன் ஒரு முறை சிரித்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுவான். பின்னணிக் குரல் பதறிப் பதறிக் கேள்வி கேட்கும். விடை தெரிய வேண்டுமானால் நாளை இதே நேரத்துக்கு இதே சேனலுக்கு வரச் சொல்லி முடித்துவிடும்.

இந்த இதழில் அந்தக் கொலைப்பொறிகளின் வரலாறு. கூடவே, எது உசத்தி எது மட்டம் என்று ஒரு தரவரிசையும்.

நேர அட்டவணை செய்த வேலை

இந்தப் பொறிகள் எப்படி வந்தன என்று தேடிப் போனால் வில்லன்களின் குரூரம் அகப்படாது, ஒரு நிகழ்ச்சி அட்டவணைதான் அகப்படும். தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் வாரம் ஒரு மணி நேரத் தொடராகத்தான் இதைத் திட்டமிட்டிருந்தார். ஏபிசியிடம் முன்னிரவில் காலியாக இருந்தவை இரண்டு அரை மணி நேரங்கள். ஒன்று புதன், மற்றொன்று வியாழன். வேறு வழியில்லை, ஒரு மணி நேரக் கதையை நடுவில் வெட்ட வேண்டியதாயிற்று.

வெட்டிய இடத்தில் ஒரு கொக்கி வேண்டுமே. புதன் இரவு டிவியை அணைத்தவரை வியாழன் இரவு திரும்ப இழுத்து வர வேண்டும். ஆரம்பக் கதைகளை எழுதித் தொடரின் தொனியை வகுத்துக் கொடுத்த லோரென்ஸோ செம்பிளும் டோசியரும் இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய சினிமாவின் பரணில் அது தயாராகக் கிடந்தது. 1914-ல் பேர்ல் ஒயிட் நடித்த ‘தி பெரில்ஸ் ஆஃப் பாலின்’ காலத்துக்குப் பின் தியேட்டர்களில் வாராவாரம் ஓடிய தொடர்படங்கள் நாயகியையோ நாயகனையோ ஆபத்தில் விட்டுவிட்டுத்தான் ரசிகரை வீட்டுக்கு அனுப்பின. பேட்மேனே அந்த வழியில் நடந்தவர்தான். 1943-ல் கொலம்பியா நிறுவனம் அவரை வைத்து 15 பாகத் தொடர்படம் எடுத்தது. அதில் வில்லன் டாக்டர் டாகாவின் அறைக்கு அடியில் முதலைக் குழி இருந்தது. 1965-ல் அந்தப் 15 பாகங்களையும் ஒன்றாகக் கோத்து மறுபடி தியேட்டரில் போட்டபோது, போர்க்காலச் சிறுவர்கள் மூச்சடக்கிப் பார்த்த காட்சிகளுக்கு புதிய ரசிகர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டோசியர் செய்தது இரண்டையும் சேர்த்ததுதான். சிறுவன் மூச்சடக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா சிரிக்க வேண்டும். அதற்கு நடிகர்கள் மட்டும் சிரிக்கவே கூடாது. ஆடம் வெஸ்டின் திறமை முழுவதும் அங்கேதான் இருந்தது. கொதிக்கும் கொப்பரைக்கு மேலே தொங்கும்போதும் அவர் ராபினுக்கு நல்லொழுக்கம் போதித்துக்கொண்டிருப்பார்.

பதறும் அந்தப் பின்னணிக் குரலும் டோசியருடையதுதான். பலரிடம் குரல் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் தானே பேசிவிட்டார். புதன், வியாழன் பாகங்களின் தலைப்புகள் ஒன்றுக்கொன்று எதுகையில் முடியும்படி வைத்தார்கள். ஒரு தலைப்பைக் கேட்டவன் காது அடுத்ததற்குக் காத்திருக்கும்.

கொக்கி வேலை செய்ததா? 1965–66 பருவத்தின் நீல்சன் பட்டியலைப் பாருங்கள். நாட்டில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் புதன்கிழமை பேட்மேன் 10-வது இடம், வியாழக்கிழமை பேட்மேன் 5-வது இடம். பொறியில் நாயகனை மாட்டிவிட்ட இரவைவிட, அவன் தப்பிக்கும் இரவுக்குக் கூட்டம் அதிகம். யாரைப் பிடிக்க வைத்த பொறியோ அவர்களை அது பிடித்துவிட்டது.

மதிப்பெண் போடும் முறை

முதல் வாரத்துப் பொறியை எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் கோர்ஷின் நடித்த ரிட்லர், ராபினின் தலையை ஒரு பட்டறை வைஸில் வைத்து முறுக்குகிறான். அன்றைய பாகம் அதோடு முடிந்தது. மறுநாள் பார்த்தால், அவன் தலையை நசுக்கவே நினைக்கவில்லை. தன் கூட்டாளிப் பெண்ணுக்கு ராபின் முகமூடி செய்ய அச்சு எடுத்துக்கொண்டிருந்தான்! கோர்ஷினுக்கு அந்த வேடத்துக்காக எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது என்பது வேறு விஷயம். பொறி என்ற வகையில் அது ஏமாற்று.

ஆகவே மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, பொறி அந்த வில்லனின் தொழிலோடு ஒட்டுகிறதா? வேறொரு வில்லன் கையிலும் அதே பொறியைக் கொடுக்கலாம் என்றால் மதிப்பெண் குறையும். இரண்டு, நாயகன் தன் புத்தியாலோ உடம்பாலோ தப்பினானா, அதிர்ஷ்டம் வந்து காப்பாற்றியதா? மூன்று, புதன் இரவிலிருந்து வியாழன் இரவு வரை ஒரு சிறுவன் அதையே நினைத்துக்கொண்டிருக்க அதில் ஏதாவது இருக்கிறதா? வில்லன் ஏன் அங்கேயே நின்று முடிவைப் பார்க்காமல் போகிறான் என்று மட்டும் கேட்கக் கூடாது. அவன் நின்றால் தொடர் இல்லை.

இனி, கீழிருந்து மேலாக.

8. மூன்று எலுமிச்சம்பழம்

1966 மார்ச் 2. சீஸர் ரொமேரோவின் ஜோக்கர், இருவரையும் நாற்காலியில் கட்டி, கைப்பிடியை இழுத்தால் படங்கள் சுழலும் சூதாட்ட இயந்திரம் ஒன்றோடு மின்கம்பியை இணைக்கிறான். மூன்று எலுமிச்சம்பழம் வரிசையாக வந்து நின்றால் 50,000 வோல்ட் மின்சாரம் பாயும். முதல் எலுமிச்சை நிற்கிறது, இரண்டாவது நிற்கிறது... யோசனை பிரமாதம். சூதாட்டச் சீட்டுக்கட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட வில்லனுக்குச் சூதாட்ட இயந்திரம் பொருத்தமும்கூட. ஆனால் மறுநாள் தப்பித்தது எப்படி? ஊரில் கரண்ட் போய்விட்டது! நான்கு மாதங்களுக்கு முன்புதான், 1965 நவம்பர் 9-ல், நியூயார்க் உட்பட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பெரும்பாகம் இருளில் மூழ்கியிருந்தது. அந்த நினைவு பச்சையாக இருந்ததால் பார்வையாளர் ஒப்புக்கொண்டிருக்கலாம். முதல் கேள்விக்கு முழு மதிப்பெண், இரண்டாவதற்குச் சுழி.

7. ராட்சதச் சிப்பி

1967 ஜனவரியில் ஜோக்கரும் பெங்குவின் என்ற இன்னொரு வில்லனும் கூட்டுச் சேர்ந்த கதை. வழக்கமான இரண்டு பாகம் போதாமல் மூன்றாக நீண்டது. அதனால் ஒரு விபரீதம். இரண்டாம் பாகம் ஜனவரி 12, வியாழக்கிழமை முடிந்தது. மூன்றாவது அடுத்த புதன், ஜனவரி 18-ல்தான். தொடரின் முதல் பிறந்தநாளன்று ராபினை ஒரு பெரிய சிப்பி விழுங்கியது, ஆறு நாள் அவன் அதன் வாயிலேயே இருந்தான். சிப்பி அட்டைப்பெட்டி லட்சணத்தில் இருந்தாலும் மூன்றாவது கேள்விக்கு இதைவிட அதிகம் மதிப்பெண் வாங்கிய பொறி வேறில்லை. ஜோக்கருக்கும் சிப்பிக்கும் என்ன சம்பந்தம் என்றால், கதை ராசிச் சக்கரத்தை வைத்துப் பின்னியது, மீன ராசி வந்தது, மீன் வந்தது, சிப்பியும் வந்தது. இழுத்துக் கட்டிய முடிச்சு. ஏழாம் இடம் போதும்.

6. மொட்டை மாடி வறுவல்

1966 செப்டம்பர் 14. ஜூலி நியூமரின் கேட்வுமன், மொட்டை மாடியில் இருவரையும் மல்லாக்கக் கட்டிப்போட்டு, மேலே ஆளுயரப் பூதக்கண்ணாடிகளை நிறுத்துகிறாள். சூரியன் உச்சிக்கு வரும்போது ஒளி குவிந்து பொசுக்கிவிடும். போதாததற்கு மேலே மார்ஜரின் வேறு தடவுகிறார்கள். தோசைக்கல்லில் எண்ணெய் விட்ட மாதிரி. இத்தனை விவரமாகச் சமைத்த பிறகு மறுநாள் என்ன ஆனது? முழுச் சூரிய கிரகணம் வந்து காப்பாற்றியது. அந்த ஆண்டு உண்மையில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் நவம்பர் 12-ல், தென் அமெரிக்காவில். காதம் நகரத்துக்கு மட்டும் இரண்டு மாதம் முன்கூட்டியே வந்துவிட்டது.

இதற்கு அடுத்த வாரமே, செப்டம்பர் 21-ல், வான் ஜான்சன் நடித்த மின்ஸ்ட்ரல் என்ற பாடகன் இருவரையும் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுட முயன்றான். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு வறுவல்! இரண்டாம் பருவத்தில் மொத்தம் 60 பாகங்கள் எடுத்தார்கள். வாரம் ஒரு புதுச் சாவு கண்டுபிடிப்பது லேசான வேலையில்லை என்பதற்கு இந்த இரண்டு வாரமே சாட்சி.

5. கல்யாண மேடை

நெருப்பு இல்லை, அமிலம் இல்லை, கத்தி இல்லை. 1966 நவம்பர் 23 அன்று பேட்மேன் மாட்டிக்கொண்டது கல்யாணத்தில். வைரங்களின் ராணி மார்ஷா, காதல் மருந்து தடவிய அம்பால் போலீஸ் கமிஷனர் முதல் ராபின் வரை எல்லோரையும் மயக்கி வைத்துவிடுகிறாள். அவர்களை மீட்க வேண்டுமானால் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். மணமேடையில் பேட்மேன் சம்மதம் சொல்லப் போகும் இடத்தில் பாகம் முடிகிறது. பட்டியலில் இருக்கும் பொறிகளில் தன் சொந்தக் காலால் நடந்து போய் பேட்மேன் நின்ற பொறி இது ஒன்றுதான். தப்பிக்க வைத்தவர் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட். வக்கீல் வேடத்தில் வந்து மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது என்று சொல்லி மேடையைக் கலைத்துவிடுகிறார். மார்ஷாவாக நடித்தவர் கரோலின் ஜோன்ஸ், அதற்கு முன்பு ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரின் மோர்ட்டீஷியா. அதே தொடரில் அவருக்குக் கணவராக நடித்த ஜான் ஆஸ்டின் சில மாதங்களில் இங்கே ரிட்லராக வந்து, ஒரு ராட்சதப் பிறந்தநாள் கேக்கின் கிரீமில் இருவரையும் புதைமணலில் போல அமிழ்த்தினார்.

4. மர அறுவை மில்

1966 ஏப்ரல் 27. ரிட்லர் பழைய மௌனப் படக் காட்சிகளை நிஜக் குற்றங்களாக நடத்திப் படம் பிடிக்கிறான். அதற்கு உச்சம், மர அறுவை மில்லில் மயங்கிக் கிடக்கும் ராபின். பட்டை நகர நகர வட்ட ரம்பம் நெருங்குகிறது. தொலைக்காட்சி தான் கடன் வாங்கிய வீட்டுக்கே போய்க் கும்பிடு போட்ட இடம் இது. அதில் கௌரவ வேடத்தில் வந்தவர் ஃபிரான்சிஸ் எக்ஸ். புஷ்மன். 1925-ல் வெளிவந்த மௌனப் படமான ‘பென்ஹர்’ படத்தில் மெஸாலாவாக நடித்தவர். பேட்மேனில் தலைகாட்டிய நான்கே மாதத்தில், அந்த ஆகஸ்டில், காலமானார்.

முதல் இடத்துக்கு வர வேண்டிய பொறி ஏன் நான்காவதில் நிற்கிறது? பேட்மேன் ஓடி வந்து ரம்பத்தை நிறுத்திப் பார்த்தால், கிடந்தது பொம்மை. ஒரு நாள் முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இது துரோகம்.

அபாயம் எல்லாம் பொம்மை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆடம் வெஸ்டுக்கு முகத்தை மூடிய முகமூடி. அவருக்குப் பதில் ஸ்டன்ட் நடிகர் ஹியூபி கெர்ன்ஸ் எளிதாகப் புகுந்துகொள்ளலாம். ராபினின் முகமூடியோ கண்ணைச் சுற்றிய சிறு பட்டை. முகம் தெரிந்துவிடும் என்பதால் பல இடங்களில் பர்ட் வார்டே நிற்க வேண்டியிருந்தது. படப்பிடிப்பின் ஆரம்ப நாட்களில் அடிபட்டு மருத்துவமனைக்கு அலைந்ததைப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

3. அச்சு இயந்திரம்

இரண்டாம் பருவத்து எழுத்தாளர்களுக்கு ஒரு பித்து பிடித்திருந்தது. நாயகனை வெறுமனே கொல்லக் கூடாது, அவனை ஒரு விற்பனைப் பொருளாக மாற்ற வேண்டும். பியானோ கலைஞர் லிபராசி நடித்த சாண்டெல், தானியங்கிப் பியானோவுக்குத் துளையிட்ட காகிதச் சுருள் செய்யும் இயந்திரத்தில் இருவரையும் அனுப்பினான். ஓட்டோ பிரெமிங்கர் நடித்த மிஸ்டர் ஃபிரீஸ் அவர்களைக் குச்சி ஐஸாக உறைய வைக்கப் பார்த்தான். ஜோக்கர் சாவி வெட்டும் இயந்திரத்தில் பேட்மேனைப் படுக்க வைத்தான். இன்னொரு வாரம் ராபினை மெத்தை தைக்கும் இயந்திரத்தின் ஊசி துரத்தியது. கர்னல் கம் என்ற கள்ளத் தபால்தலை அச்சடிப்பவன், இன்னொரு தொடரிலிருந்து விருந்தாளிகளாக வந்த கிரீன் ஹார்னெட்டையும் அவருடைய துணைவன் காட்டோவையும் தபால்தலையாக அடிக்கத் துணிந்தான். காட்டோவாக நடித்த இளைஞரின் பெயர் புரூஸ் லீ.

இந்தக் கூட்டத்தின் சிகரம் 1967 பிப்ரவரி 15-ல் வந்தது. ஜோக்கர் ராபினை ஒரு பெரிய அச்சு இயந்திரத்தில் போடுகிறான். மறுமுனையில் அவன் காமிக்ஸ் புத்தகமாக வெளியே வர வேண்டும். பொம்மை, சட்டை, பால் குவளை என்று காசாகும் எல்லாவற்றிலும் பேட்மேன் படத்தை அச்சடித்து விற்ற காலம் அது. காமிக்ஸிலிருந்து வந்த பையனைக் காமிக்ஸாகவே திருப்பி அனுப்பும் இந்தக் கேலியை வில்லன் செய்தானா, எழுத்தாளர் தன் முதலாளிகளைச் செய்தாரா? தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளத் தெரிந்த தொடர் என்பதற்கு இதுவே நல்ல சான்று.

2. பெண்ணா, புலியா?

1966 மார்ச் 16, கேட்வுமனின் முதல் வருகை. முதலில் முள் பதித்த சுவர்கள் இரு பக்கமும் நெருங்கி வருகின்றன. பேட்மேன் முட்டுக்கொடுக்கிறார். முட்கள் வளைகின்றன. ரப்பர்! பூனை எலியோடு விளையாடுகிறது. பிறகு இரண்டு கதவுகள். ஒன்றின் பின்னால் கேட்வுமன், மற்றொன்றின் பின்னால் புலி. ஃபிராங்க் ஸ்டாக்டன் 1882-ல் எழுதிய புகழ்பெற்ற சிறுகதையின் நெருக்கடி இது. அவர் கதையை விடை சொல்லாமலே விட்டுவிட்டார். தொலைக்காட்சிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பேட்மேன் கதவைத் திறக்கிறார். புலி. மறுநாள் அவர் காதை அடைத்துக்கொண்டு இடுப்பு வாரிலிருந்த கருவியால் பேரொலி எழுப்பிப் புலியைச் சாய்க்கிறார். வில்லிக்குப் பொருத்தம், நாயகனின் சொந்தக் கருவி, மறக்க முடியாத கேள்வி. மூன்றிலும் தேறுகிறது.

ஆனால் அன்றிரவு பலருக்கு இந்தக் காட்சியை முழுதாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதே நாள் காலையில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி 8 விண்கலத்தில் கிளம்பியிருந்தார்கள். மாலையில் ஆளில்லாத ஓர் ஏஜீனா கலத்தோடு தங்கள் கலத்தை இணைத்தார்கள். விண்வெளியில் இரண்டு கலங்கள் இணைந்தது அதுவே முதல் முறை. சிறிது நேரத்தில் ஓர் உந்துபொறி அணையாமல் எரிந்து, கலம் வினாடிக்கு ஒரு சுற்று வேகத்தில் சுழலத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இருவரும் நினைவிழந்திருப்பார்கள். ஆம்ஸ்ட்ராங் பூமிக்குத் திரும்புவதற்காக வைத்திருந்த வேறு உந்துபொறிகளை இயக்கிச் சுழற்சியை அடக்கினார். பயணத்தைப் பாதியில் முடித்து அன்றிரவே பசிபிக் கடலில் இறங்கினார்கள். இந்தச் செய்தியைச் சொல்ல ஏபிசி பேட்மேனை நடுவில் நிறுத்தியது. அதற்குப் பார்வையாளர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் புகார் செய்தார்கள்! மூன்று ஆண்டு கழித்து நிலவில் காலடி வைக்கப் போகிற மனிதர் நிஜமான பொறியில் மாட்டித் தப்பிக்கொண்டிருந்தார். இவர்களுக்கோ பொய்ப் புலியின் கதி தெரிந்தாக வேண்டும்.

1. மணல் கடிகாரம்

1966 அக்டோபர் 12. வால்டர் ஸ்லெசாக் நடித்த கிளாக் கிங் என்ற கடிகாரப் பித்தன், ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மணல் கடிகாரத்தின் கீழ்க்குடுவையில் பேட்மேனையும் ராபினையும் அடைக்கிறான். மேலிருந்து மணல் கொட்டுகிறது. பாதம், முழங்கால், இடுப்பு என்று ஏறுகிறது. இயந்திர இரைச்சல் இல்லை, ரம்பம் இல்லை. எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பது கண்ணாடிக்குள்ளேயே தெரிகிறது. பார்க்கிற பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிளாக் கிங்குக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் இல்லை. இதை ஜோக்கரிடம் கொடுத்தால் பாதிப் பொருள் போய்விடும். தப்பித்ததும் நேர்மையான வழியில். கரண்ட் போகவில்லை, கிரகணம் வரவில்லை. இருவரும் சேர்ந்து உடம்பால் மோதி ஆட்டி, கடிகாரத்தையே சாய்த்து உருட்டிவிடுகிறார்கள்.

முதல் இடத்துக்கு இன்னொரு காரணம், எழுதியவர். சார்லஸ் சின்கிளேருடன் சேர்ந்து இந்த இரு பாகங்களையும் எழுதியவர் பில் ஃபிங்கர். 1939-ல் ஓவியர் பாப் கேன் கொண்டு வந்த அரைகுறைச் சித்திரத்துக்குக் கறுப்பு அங்கியும் முகமூடியும் சொல்லி, காதம் என்று ஊருக்குப் பெயர் வைத்து, ராபினையும் ஜோக்கரையும் உருவாக்குவதில் பங்கு கொண்டவர். ஆளை விழுங்கும் ராட்சதத் தட்டச்சு இயந்திரம், மலையளவு நாணயம் என்று காமிக்ஸ் பக்கங்களில் பெரும்பெரும் பொருள்களுக்கு நடுவே பேட்மேனைச் சண்டையிட வைத்தது ஃபிங்கரின் பாணி. டிக் ஸ்ப்ராங் போன்ற ஓவியர்கள் அதை வரைந்து நிலைநாட்டினார்கள். கேட்வுமனின் ராட்சத எலிப்பொறியும் அமிலம் கொட்டும் காபிக் கோப்பையும் அந்தப் பாணியின் பேரப்பிள்ளைகள். அப்படிப்பட்டவரின் பெயர் தொடரின் தொடக்க எழுத்துகளில் கிடையாது. அங்கே பாப் கேன் மட்டுமே இருந்தார். ஃபிங்கர் 1974-ல் இறந்தார். பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் திரையில் முறையாக இடம்பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணல் கடிகாரம், அவர் பெயரே எழுத்தாளர் என்று தாங்கி வந்த ஒரே பேட்மேன் தொலைக்காட்சிக் கதை.

பட்டியலுக்கு வெளியே ஒன்று

இதே குழு எடுத்த ஒரு சினிமா 1966 ஜூலை இறுதியில் வெளியானது. நடுக்கடலில் மிதவை ஒன்றின் காந்தத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டிருக்க, டார்பிடோக்கள் பாய்ந்து வருகின்றன. கடைசி டார்பிடோவுக்குக் குறுக்கே ஒரு கடற்பன்றி பாய்ந்து உயிர் விட்டுக் காப்பாற்றுகிறது. அந்த உயிர்த் தியாகத்தைக்கூடக் காட்டவில்லை. பேட்மேன் வாயால் சொல்கிறார், அவ்வளவுதான். சினிமாவில் புதன்கிழமை, வியாழக்கிழமை கிடையாது என்பதால் இதைத் தரவரிசையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் எலுமிச்சம்பழத்துக்கும் கீழேதான்.

பொறிகள் ஓய்ந்த கதை

1967 செப்டம்பரில் மூன்றாம் பருவம் தொடங்கியபோது ஏபிசி வாரம் இரண்டு நாளை ஒரு நாளாகக் குறைத்தது. வியாழன் மட்டும். பெரும்பாலான கதைகள் அரை மணி நேரத்திலேயே தொடங்கி முடிந்தன. பேட்கேர்லாக இவான் கிரெய்க் வந்து சேர்ந்தார், கேட்வுமன் வேடத்தை எர்த்தா கிட் ஏற்றார்; இருவருமே அருமை. பேட்கேர்லைத் துணி வெட்டும் இயந்திரத்தில் கட்டிப்போட்டார்கள். மூன்று பேரின் கை கால்களையும் பின்னி, அசைந்தால் இறுகும் மனித முடிச்சாக்கினார்கள். யோசனை வற்றவில்லை. ஆனால் பொறி விழுந்த பிறகு பார்வையாளன் காத்திருந்தது விளம்பர இடைவேளைக்கு மட்டும். சோப்பு விளம்பரம் முடிவதற்குள் நாயகன் தப்பிவிட்டால், அந்தப் பொறி மேல் யாருக்கு பயம்?

1968 மார்ச் 14-ல், 120-வது பாகத்தோடு தொடர் நின்றது. போட்டி நிறுவனமான என்பிசி எடுத்து நடத்த விரும்பியதாகவும், அதற்குள் பேட்மேனின் குகையான பேட்கேவ் உள்ளிட்ட அரங்குகளை இடித்துவிட்டிருந்ததாகவும் அந்தத் தொடரின் வரலாற்றை எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான். ரம்பத்துக்கும் அமிலத்துக்கும் பேட்மேன் மேல் எந்தப் பலமும் இருந்ததில்லை. புதனுக்கும் வியாழனுக்கும் நடுவே கிடந்த இருபத்து மூன்றரை மணி நேரம்தான் அந்தப் பொறிகளின் பலம். அந்த இடைவெளியை ஏபிசி தற்செயலாகக் கொடுத்தது, தெரிந்தே பிடுங்கியது. பிடுங்கிய ஆறே மாதத்தில் தொடர் முடிந்தது.

எலிப்பொறிக்கும் காபிக் கோப்பைக்கும் இடமில்லையா என்று சண்டைக்கு வரும் வாசகர்கள் தங்கள் பட்டியலை எழுதி அனுப்பலாம். வில்லனின் தொழில், தப்பித்த விதம், காக்க வைத்த நேரம் என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு அனுப்புங்கள். அடுத்த இதழில், பேட்மேன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துபோன கிரீன் ஹார்னெட், ஒரே பருவத்தில் முடிந்த கதை.

(தொடரும்)